வலிச்சா இடது கையைத் தூக்குங்க

மார்ச் 4

பஞ்சு அக்காவுக்கு,

போன் பண்ணா எடுக்கமாட்டேங்கறீங்க, அதான் கடிதம். நீங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு எழுதிக் கொடுத்த தாள்ல உங்க தம்பி வீட்டு விலாசம் இருந்துச்சு. பதினாலு வருஷம் ஆச்சு. அவர் வீடு மாறியிருந்தா இது வேற யார் கையிலயாவது போய்ச் சேரும். சேரட்டும், படிச்சுட்டுப் போகட்டும்.

முதல்ல வேலை விஷயம். வாய் மேல போடற ரப்பர் ஷீட்ல ஓட்டை போடற இடுக்கியை எங்கே வச்சீங்க? மூணு அலமாரியும் கவிழ்த்துத் தேடியாச்சு. உங்களுக்குப் பதிலா வந்திருக்கற பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா நான் இடுக்கின்னா அவ கத்தரிக்கோலை நீட்டறா, கத்தரிக்கோல்னா என் முகத்தைப் பாக்கறா. வாசல் கதவு வேற மழையில ஊறி இன்னும் மோசமாயிடுச்சு. உள்ளேயிருந்து ஒருத்தர் இழுத்து, வெளியிலிருந்து ஒருத்தர் தள்ளினாத்தான் திறக்குது. காலையில முதல்ல வர்றவர் பாவம், பல் வலியோட தோளால முட்டிக்கிட்டு நிக்கறார்.

உங்க கண்ணாடி, டிபன் டப்பா ரெண்டும் இங்கதான் இருக்கு. விசாரணைக்கு மறுநாள் பச்சைக் கோட்டை மடிச்சு என் ஸ்டூல் மேல வச்சுட்டுப் போனீங்களே, அதுவும் அப்படியே இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

நான் நல்லா இருக்கேன். தலைக்கு மேல வேலை. ஊரடங்குல எட்டு மாசம் எல்லாம் மூடிக் கிடந்துச்சே, அப்ப தள்ளிப் போட்ட சொத்தை எல்லாம் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. உக்காரும்போதே ஒவ்வொருத்தரும் சொல்றாங்க, தப்பா நினைக்காதீங்க டாக்டர், எனக்குப் பல் டாக்டர்னாலே ஆகாதுன்னு. ஒரு நாளைக்கு இருபது தடவை. முன்னெல்லாம் நீங்க அவங்க பின்னாடி நின்னு முகத்தைக் கோணிக் காட்டுவீங்க, நான் முகமூடிக்குள்ள சிரிச்சுக்குவேன். இப்ப அந்த வார்த்தை நேரா உள்ள போய் உக்காந்துக்குது.

இன்னொண்ணு. நாற்காலியோட இடது கைப்பிடியைக் கழட்டி உள் ரூம்ல வச்சுட்டேன். ஏன்னு உங்களுக்குத் தெரியும்.

உங்கள் டாக்டர்

*

மார்ச் 13

டாக்டரம்மாவுக்கு வணக்கம்.

தம்பி வீடு மாறல. கடிதம் வந்துச்சு.

இடுக்கி, கண்ணாடி பீரோவுக்கு மேல பழைய பிஸ்கட் டப்பாவுல இருக்கு. டப்பா மேல எக்ஸ்ரே பிலிம்னு எழுதியிருக்கும், உள்ள பிலிம் இருக்காது. கதவு ஓரத்துல மெழுகுவர்த்தியைத் தேயுங்க, வழுக்கிக்கிட்டு வரும். போன வருஷமே சொன்னேன். கண்ணாடி எனக்கு வேண்டாம், புதுசு வாங்கிட்டேன். டிபன் டப்பாவை அந்தப் பொண்ணுக்குக் கொடுத்துடுங்க. கைப்பிடியைத் திரும்ப மாட்டுங்க. வயசானவங்க எழுந்திரிக்கும்போது என்னத்தைப் பிடிப்பாங்க?

ஒரு வார்த்தை சொல்லலன்னு குறைப்பட்டிருக்கீங்க. விசாரணை முடிஞ்சு வெளியில வந்தப்ப நீங்க விறுவிறுன்னு முன்னால போனீங்க. நான் படியிலேயே நின்னேன். திரும்பிப் பாப்பீங்கன்னு நின்னேன். பாக்கல. அந்த ஒரு வார்த்தை உங்ககிட்டயும்தான் இருந்துச்சு.

இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. தம்பி பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டு வர்றேன். ரோடு தாண்டும்போது கையைப் பிடிக்க வருவா. பையைப் பிடிச்சுக்கோ, அத்தைக்குக் கை வியர்க்கும்னு சொல்லி வச்சிருக்கேன். குழந்தைதானே, நம்பிடுச்சு.

மத்தியானம் நின்னுக்கிட்டே ரெண்டு பிஸ்கட்டைத் தின்னுட்டு சாப்பாடு ஆச்சுன்னு சொல்லாதீங்க. வாட்ச் ரிப்பேர்காரரைப் பத்தி மட்டும் எனக்கு எழுதாதீங்க.

இப்படிக்கு,
பஞ்சு

*

மார்ச் 29

அக்கா,

டப்பா கிடைச்சுது. இடுக்கியும் கிடைச்சுது. எக்ஸ்ரே பிலிம்னு எழுதி இடுக்கியை வைக்கற ஆள் உலகத்துல நீங்க ஒருத்தர்தான்.

அவரைப் பத்தி எழுதாதீங்கன்னா வேற யாருக்கு எழுதுவேன்? அந்த ரூம்ல மூணு பேர் இருந்தோம். ஒருத்தர் போயிட்டார். மிச்சம் நீங்கதான்.

வர்றப்பெல்லாம் சொல்வாரே, டாக்டரும் நானும் ஒரே தொழில், ரெண்டு பேரும் கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு ஓட்டைக்குள்ள எட்டிப் பாக்கறோம்னு. அன்னைக்கும் அதைச் சொல்லித்தான் உக்காந்தார். நான் எல்லார்கிட்டயும் சொல்றதை அவர்கிட்டயும் சொன்னேன். வாய் மேல ரப்பர் ஷீட் போட்டா பேச முடியாது, அதனால வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்னு. உடனே நிறுத்திடுவேன். எத்தனை ஆயிரம் பேர்கிட்ட அதைச் சொல்லியிருப்பேன்.

முதல் தடவை தூக்கினார், நிறுத்தினேன், இன்னொரு ஊசி போட்டேன். ரெண்டாவது தடவை தூக்கினார். நான் நிறுத்தல. கை இறங்கிடுச்சு. வலி அடங்கிடுச்சுன்னு நினைச்சுத் தொடர்ந்தேன். ஷீட்டை எடுத்தப்ப முகம் சாம்பல் மாதிரி இருந்துச்சு, சட்டை நனைஞ்சிருந்துச்சு. அவருக்கு வலிச்சது பல் இல்ல, நெஞ்சு. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்பவே நிறுத்தியிருந்தாலும் பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. விசாரணையிலயும் அதையே எழுதி என் மேல தப்பு இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. அந்தத் தாளை மேஜை டிராயர்ல வச்சிருக்கேன். தினமும் எடுத்துப் படிக்கறேன். ஒண்ணும் ஆகல.

இப்ப எங்க பாத்தாலும் கை தூக்குது. யாராவது பஸ்ஸை நிறுத்தக் கையைக் காட்டினா என் கால் நின்னுடுது. நாற்காலியில உக்காந்தவங்க மூக்கைச் சொறிஞ்சாலும் நிறுத்திடறேன். நேத்து ஒரு சின்ன அடைப்புக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. டாக்டர், நீங்க புதுசான்னு அந்த ஆள் கேக்கறார். அது கூடப் பரவாயில்ல. யாரும் இல்லாதப்ப சிங்க்ல கை கழுவிக்கிட்டு நிப்பேன், நாற்காலி எனக்குப் பின்னாடி காலியா இருக்கும். எதிர்ல குழாயோட பளபளப்புல, இடது ஓரத்துல ஒண்ணு மெதுவா மேல வரும். மணிக்கட்டு கொஞ்சம் மடிஞ்சு. திரும்பினா ஒண்ணும் இருக்காது. கைப்பிடியைக் கழட்டியும் வருது அக்கா. ஊன்றிக்கறதுக்கு எதுவுமே இல்லாத இடத்துலேருந்து வருது.

தூக்கத்துல பல்லைக் கடிக்கறேன் போல. கீழ்ப்பக்கம் கடைவாய்ப் பல் விரிசல் விட்டுடுச்சு. வேற டாக்டர்கிட்டப் போகணும், ஆனா அந்த நாற்காலியில நான் போய்ப் படுக்கணுமே. பல் டாக்டர் சங்கத்துலேருந்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு, மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படின்னு. மூச்சை இழுத்து விடணுமாம், நடக்கணுமாம், நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட மனசு விட்டுப் பேசணுமாம். அந்த ஒருத்தர்தான் போனை எடுக்கமாட்டேங்கறாங்களே.

கேட்டுடறேன். நீங்க அவரோட இடது பக்கம்தான் நின்னீங்க. பதினாலு வருஷமா கையை முதல்ல பாக்கறது நீங்கதான். விசாரணையில ஏன் 'நான் சரியா பாக்கல'ன்னு சொன்னீங்க? ஏன் அன்னைக்கு டாக்டர்னு ஒரு சத்தம் கொடுக்கல?

உங்கள் டாக்டர்

*

ஏப்ரல் 5

டாக்டரம்மாவுக்கு,

விசாரணையிலயே பாக்கலன்னு சொன்னேன், அவங்க எழுதிக்கிட்டாங்க. அதோட விடுங்க.

நீங்க படிச்சவங்க. ஒருத்தருக்கு எதிர்ல இல்லாதது தெரியுதுன்னா யார்கிட்டப் போகணும்னு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. மனசுக்குப் பாக்கற டாக்டர் உங்க தெருவுலேருந்து ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் இருக்காங்க. ஊர்ல எல்லாரையும் வாயைத் திற வாயைத் திறன்னு சொல்றீங்க, நீங்க ஒரு தடவை திறங்க. அதை விட்டுட்டுப் பழைய வேலைக்காரிக்குக் கடிதம் எழுதறதுல என்ன ஆகப் போகுது?

இனிமே எழுதாதீங்க.

பஞ்சு

*

ஏப்ரல் 20

அக்கா,

பழைய வேலைக்காரின்னு நான் உங்களை என்னைக்காவது சொல்லியிருக்கேனா? அந்த வார்த்தை ரெண்டு வாரமா என்னை அறுக்குது. எழுதாதீங்கன்னு சொன்னீங்க. இது ஒண்ணை மட்டும் எழுதிடறேன்.

வாட்ச்காரர் வீட்டம்மா வந்திருந்தாங்க. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தவங்களைப் பாத்ததும் ஸ்டூலை விட்டு எழுந்துட்டேன். சண்டை போட வரல. அவர் கண்ணுல மாட்டிக்கற லென்ஸ் இருக்கு பாருங்க, அதைக் கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டு வந்திருந்தாங்க. உங்களுக்கும் இதே தொழில்தானாமே, வீட்ல சும்மா கிடக்குதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். என்ன செய்யணும்னு தெரியாம வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் உங்களைக் கேட்டாங்க. அவருக்கு ஊசின்னாலே நடுக்கமாம். இங்க வர மட்டும் பயப்படமாட்டாராம். அங்க ஒரு அம்மா இருக்காங்க, கையைத் தூக்கினா உடனே வந்து பிடிச்சுக்குவாங்க, அது போதும் எனக்குன்னு சொல்வாராம். இதைச் சொல்லிட்டு அவங்க என்னை நேராப் பாத்துக் கேட்டாங்க:

"கடைசியிலயும் அந்த அம்மா கையைப் பிடிச்சிருந்தாங்களா?"

ஆமாம்னு சொல்லிட்டேன். நீங்க பாக்கவே இல்லன்னு சொன்ன கையை நீங்க பிடிச்சிருந்ததா அவங்ககிட்டச் சொல்லிட்டேன். அவங்களுக்கு முகம் தெளிஞ்சுபோச்சு. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க.

அவங்க போனதும் வெளியில இருந்தவங்களை எல்லாம் அனுப்பிட்டேன். மருந்து அலமாரியைத் திறந்து அது முன்னாடி நின்னேன். எதையும் எடுக்கல. சும்மா நின்னேன். அந்தப் பொண்ணு திரும்பி வந்து என்ன டாக்டர் தேடறீங்கன்னு கேட்டப்பதான் மூடினேன். இப்படி நிக்கறது இது மூணாவது தடவை.

பயப்படாதீங்க. யாருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்னு தோணுச்சு, அவ்வளவுதான்.

உங்கள் டாக்டர்

*

ஏப்ரல் 25

டாக்டரம்மா,

அந்த அம்மாகிட்ட நீங்க சொன்னது பொய் இல்ல. கடைசியிலயும் பிடிச்சிருந்தேன்.

கை தானா இறங்கல. நான் இறக்கினேன்.

உக்காந்து அஞ்சு தாளைக் கிழிச்சுட்டு இதை எழுதறேன். கூட்டம் அதிகமா இருக்கற நாள்ல நான் செய்யறதுதான். யாராவது கையைத் தூக்கினா பாதி நேரம் அது வலி இல்ல, பயம்தான். அந்தக் கையை ரெண்டு கையாலயும் வாங்கி, தடவிக் கொடுத்து, அவங்க வயித்து மேல வச்சு மெல்ல அழுத்திக்குவேன். இதோ முடிஞ்சிடுச்சு, இதோ முடிஞ்சிடுச்சுன்னு சொல்வேன். அடங்கிடுவாங்க. உங்களுக்கு வேலை நிக்காது. போகும்போது டாக்டரை விட்டுட்டு எனக்குத்தான் நன்றி சொல்லிட்டுப் போவாங்க. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

அன்னைக்கு வெளியில பதினோரு பேர் உக்காந்திருந்தாங்க. நீங்க காலையிலேருந்து தண்ணி கூடக் குடிக்கல. அவர் ரெண்டாவது தடவை தூக்கினதும் வாங்கி வச்சுக்கிட்டேன். அவர் கை என் உள்ளங்கைக்குக் கீழ ரெண்டு தடவை மேல முட்டுச்சு. நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இதோ முடிஞ்சிடுச்சு ஐயான்னு சொன்னேன். அப்புறம் முட்டல. அடங்கிட்டார்னு நினைச்சேன்.

அந்த முட்டல் என் கையை விட்டுப் போகல. கை இட்ட வேலையைச் செய்யுது, துணி துவைக்குது, சோறு போடுது, ஆனா உள்ளங்கையில ரெண்டு தடவை யாரோ தட்டற மாதிரியே இருக்கு. தம்பி பொண்ணு கையைப் பிடிக்க வந்தா நான் ஏன் பையை நீட்டறேன்னு இப்ப உங்களுக்குப் புரியும்.

விசாரணையில பயந்து பொய் சொன்னேன். என் பொய்யை நீங்க சுமந்துக்கிட்டு அலமாரி முன்னாடி நிக்கறீங்க. அலமாரி பத்தி நீங்க எழுதின அந்த ஒரு வரி இல்லன்னா இதை நான் சாகற வரைக்கும் சொல்லியிருக்கமாட்டேன். நிஜத்தைச் சொல்லிடறேன், நான் அவ்வளவு நல்லவ இல்ல.

உங்க மேல தப்பு இல்ல. யார்கிட்டச் சொல்லணுமோ சொல்லுங்க, நான் வந்து ஆமான்னு சொல்றேன். அலமாரி சாவியை மட்டும் உடனே கழட்டி யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.

பஞ்சு

*

மே 3

அக்கா,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் உங்களைத் திட்டினேன். சத்தமாவே திட்டினேன், காலி நாற்காலியைப் பாத்து. நல்லா இருந்துச்சு. அவர் போன அக்டோபருக்கு அப்புறம் முதல் தடவையா அந்த ரெண்டு நாளும் தூங்கினேன். குழாயில கை வரல. பல் கூட வலிக்கல. ஆகா, நான் இல்ல, இவங்கதான்.

மூணாவது நாள் பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தப்ப கண்ணாடியில என் முகத்தைப் பாத்தேன். புருவத்தைத் தூக்கியிருந்தேன்.

அக்கா, அவர் கையைத் தூக்கினப்ப நான் உங்களைப் பாத்தேன். லென்ஸுக்கு மேல, புருவத்தைத் தூக்கி. அந்தப் பார்வைக்கு நம்ம ரூம்ல ஒரே அர்த்தம்தான். பிடிச்சுக்கோங்க, இன்னும் ரெண்டு நிமிஷம். பதினாலு வருஷத்துல நான் அதை வாயால ஒரு தடவை கூடச் சொன்னதில்ல, அதனால யாரும் எழுதிக்கவும் முடியாது. நீங்க கூட உங்க கடிதத்துல அதை எழுதல. மறந்துட்டீங்களா, இல்ல எனக்காக விட்டுட்டீங்களா? எனக்காகத்தான் விட்டிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?

கை இறங்கிடுச்சுன்னு விசாரணையில சொன்னேன். யார் இறக்கினாங்க, யார் இறக்கச் சொன்னாங்கன்னு அவங்க கேக்கல. கேக்காததுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்னு இருந்துட்டேன். படியில நீங்க நின்னதைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் வேகமா நடந்தேன். திரும்பியிருந்தா உங்க கண்ணைப் பாத்திருக்கணுமே.

அந்தப் பொண்ணை லீவு எடுத்துக்கச் சொல்லிட்டேன். வாசல்ல விடுமுறைன்னு அட்டை மாட்டிட்டேன். போனையும் அணைச்சுட்டேன். வீட்டுக்குப் போறதில்ல, உள் ரூம்லயே படுத்துக்கறேன்.

அலமாரி சாவியை யார்கிட்டயாவது கொடுங்கன்னு சொன்னீங்க. யாரும் இல்ல. இத்தோட உங்களுக்கே அனுப்பறேன், தாள்ல ஒட்டியிருக்கு பாருங்க. இன்னொரு சாவி இதுக்குக் கிடையாது. ஒட்டி முடிக்கவே ரொம்ப நேரம் ஆச்சு.

எனக்கு வலிக்குது அக்கா. எங்கேன்னு சொல்லத் தெரியல. கையைத் தூக்கறேன்.

*

மே 7, காலை பத்தேகால்
உங்க கிளினிக் வாசல் பெஞ்ச்

டாக்டரம்மா,

அலமாரி சாவி நேத்து சாயங்காலம் வந்து சேர்ந்துச்சு. முதல் பஸ்ஸுக்கு நான் வந்துட்டேன். ஒன்பதரையிலேருந்து தட்டறேன், கூப்பிடறேன். நீங்க வாயைத் திறக்கல. ஆனா உங்க ஸ்டூல் சக்கரம் கிறீச்சுன்னு நகர்ந்துச்சு. அதுக்கு எண்ணெய் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நல்லவேளை போடல. அந்தச் சத்தம் கேட்டப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

உங்க கடிதத்தோட பின்பக்கத்துலயே எழுதிக் கதவுக்கு அடியில தள்ளறேன். கூட ஒரு பென்சிலும்.

நீங்க புருவத்தைத் தூக்கினதை நான் மறக்கல. ஆனா அழுத்தினது என் கை. ரெண்டையும் சேத்து வச்சாத்தான் நடந்தது வரும், ஒருத்தரா தூக்க முடியாது. தனியாத் தூக்கிப் பாத்துத்தான் ரெண்டு பேரும் இப்படி ஆயிட்டோம்.

மனசு டாக்டர்கிட்டத் தம்பியை விட்டுப் பேசி இன்னைக்கே நேரம் வாங்கியாச்சு. பன்னெண்டு மணிக்கு உங்களுக்கு. பன்னெண்டரைக்கு எனக்கு. நீங்க உள்ள இருக்கும்போது நான் வெளியில உக்காந்திருப்பேன், நான் உள்ள போனா நீங்க வெளியில இருக்கணும். உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் வாட்ச்காரர் வீட்டம்மாகிட்டப் போகணும். ரெண்டு பேரும் சேர்ந்து போய் நடந்ததைச் சொல்லணும். அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கணும்.

எதிர்க்கடைக்காரர் கடப்பாரையோட பக்கத்துலயே நிக்கறார். பத்தரை வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். அப்புறம் கதவு போனா போகட்டும்.

அன்னைக்குக் கையைப் பாக்கலன்னு சொன்னேன். இப்ப சொல்றேன், பாத்துட்டேன். நான் உள்ள வர்ற வரைக்கும் இறக்காதீங்க.

பஞ்சு

*

(அதே தாளின் ஓரத்தில், பென்சிலில்)

நீங்க சொன்ன மெழுகைத் தேய்க்கல. கதவு மாட்டிக்கிச்சு. நான் இழுக்கறேன் அக்கா, நீங்க தள்ளுங்க.